மலைநாட்டில் கூடாரம்: கிளாம்பிங் போகத் திட்டமிடும் குடும்பங்களுக்கு

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இந்த முறை எங்கே போறது?" ஒரு காலத்தில் இதற்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. பாரிஸில் ஒரு மாமா, சுவிஸில் ஒரு சித்தி, ஜேர்மனியில் ஒரு ஒன்றுவிட்ட அண்ணன். யார் வீட்டில் இடம் இருக்கிறதோ அங்கே போய் நிலத்தில் பாய் விரித்துப் படுத்து, சமைத்துச் சாப்பிட்டு, கலியாண வீடியோ பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். இப்போது இங்கே பிறந்த பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். பச்சை மலை, பக்கத்தில் ஏரி, புல்வெளியில் வெள்ளைக் கூடாரம். கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை, கம்பளம், சின்ன விறகடுப்பு. "அப்பா, கிளாம்பிங் போவம்" என்கிறார்கள்.

கிளாம்பிங் என்பது ஏறத்தாழ 2005ஆம் ஆண்டை ஒட்டிப் பிரித்தானியாவில் பரவத் தொடங்கிய சொல். கிளாமர், காம்பிங் என்ற இரண்டையும் ஒட்டிச் செய்தது. கூடாரத்தை நீங்கள் கொண்டு போகவும் தேவையில்லை, அடிக்கவும் தேவையில்லை. எல்லாம் தயாராக இருக்கும், நீங்கள் போய்ப் படுத்தால் சரி. நடுவில் ஒரு கம்பு நிற்கும் வட்டமான துணிக்கூடாரத்தை பெல் ரென்ற் என்பார்கள். மத்திய ஆசிய நாடோடி மக்களின் வீட்டைப் பார்த்துச் செய்த வட்ட வீடு யேர்ட். மரத்தால் செய்த, குப்புறக் கவிழ்த்த படகு போன்ற சிறு அறை பொட். சில்லு வைத்த மரக்குடில் ஷெப்பேட்ஸ் ஹட். முந்தி இடையர்கள் ஆடு குட்டி போடும் காலத்தில் வயலிலேயே தங்குவதற்கு வைத்திருந்தது அது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இன்றைக்கு நான் பேசப்போவது இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ரிக்ற் பற்றி. மலையும் ஏரியும் ஒன்றாகப் பார்க்க இந்த நாட்டில் அதற்கு மிஞ்சிய இடம் இல்லை என்பது என்னுடைய அபிப்பிராயம். வேல்ஸ்காரர் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. 1951இல் தேசியப் பூங்காவாகி, 2017இல் உலக மரபுரிமைத் தலமானது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக் இங்கேதான் இருக்கிறது, 978 மீற்றர். எங்கள் பீதுருதாலகாலை 2,524 மீற்றர் என்று படித்தவர்களுக்கு இது ஒரு மலையா என்று தோன்றும். அப்படி நினைத்துச் செருப்போடு ஏறப் போகிறவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இன்னொரு வேடிக்கை: ஏரிகளுக்குப் பெயர் போன இந்த இடத்தில், பெயரிலேயே லேக் என்று உள்ளது பசென்த்வெய்ற் லேக் ஒன்றுதான் என்பார்கள். மற்றவை எல்லாம் மியர், வோட்டர், ரார்ன் என்று முடியும். எங்களுக்குக் குளம், கேணி, மோட்டை இருப்பது போல.

திட்டமிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. எந்த இணையத்தளத்திலும் அதை எழுதமாட்டார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கூடாரத்தில் படுப்பார்களா என்று கேளுங்கள்.

என்னுடைய பெரியக்கா 2009இல் வன்னியில் இருந்து வந்து செட்டிகுளம் மெனிக்பாமில் இருந்தவ. அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அக்கா கிட்டத்தட்ட கடைசிவரை அங்கேதான். பிறகு மகளோடு இங்கே வந்து சேர்ந்தா. என்னுடைய மகள் பெல் ரென்றின் படத்தைக் காட்டி, "பெரியம்மா, வடிவா இருக்கல்லோ?" என்று கேட்டபோது, அக்கா கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தா. "ஒரு இரவுக்கு எவ்வளவு?" என்று கேட்டா. மகள் நூற்றிச் சொச்சம் பவுண் என்று சொன்னாள். "உதுக்குள்ள நான் மூன்று வருசம் சும்மா இருந்தனான்" என்றா அக்கா. எல்லோரும் சிரித்தோம். அவவும் சிரித்தா. ஆனால் அன்றிரவு என்னிடம் தனியாக வந்து, "தம்பி, நான் வாறன், ஆனா துணிக்குள்ள படுக்கமாட்டன்" என்று சொன்னா.

நேயர்களே, இது எங்கள் அக்காவுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள், மண்டபம் முகாமுக்குப் படகில் போனவர்கள், தறப்பாளுக்குக் கீழே பிள்ளை பெற்றவர்கள் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். கூடாரத்துச் சிப் இழுபடும் சத்தம், துணியில் மழை விழும் சத்தம், இருட்டில் வெளியே போய் வரிசையில் நிற்கும் மலகூடம் என்பவை சிலருக்கு ஒன்றும் செய்யாது. சிலரைத் தூங்கவே விடாது. யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும். கேட்டுவிட்டு, "அதெல்லாம் பழைய கதை, இது லக்ஷறி ரென்ற்" என்று வாயை அடைக்கவும் கூடாது.

இங்கேதான் அந்த வித்தியாசம் உதவும். ஒரே வளவுக்குள்ளே துணிக்கூடாரமும் மரக்குடிலும் சேர்ந்திருக்கும் இடங்கள் பல உண்டு. நாங்கள் அக்காவுக்கு ஒரு ஷெப்பேட்ஸ் ஹட் எடுத்தோம். பலகைச் சுவர், பூட்டக்கூடிய கதவு, உள்ளேயே மலகூடம். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெல் ரென்ற். இரண்டாம் நாள் பின்னேரம் மழை பிடித்தது. பிள்ளைகள் எல்லோரும் அக்காவின் குடிலுக்குள் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக் கூடாரத்தில் தண்ணீர் வழிவதைப் பார்த்தபடி, மெனிக்பாமில் மழை வெள்ளம் கூடாரத்துக்குள் வந்த கதையை அக்கா முதல்முறையாக அவர்களுக்குச் சொன்னா. யாரும் கேட்டுச் சொல்லவில்லை. அடுப்புக்கு எப்படி மேடு கட்டினோம், கைக்குழந்தையை எதற்கு மேலே தூக்கி வைத்தோம் என்று சாதாரணமாகச் சொன்னா. என் மகன், பன்னிரண்டு வயது, "அப்ப நீங்கள் எங்கே நித்திரை கொண்டனீங்கள்?" என்று கேட்டான். "இருந்துகொண்டுதான்" என்றா.

சரி, பதிவு செய்வதற்கு வருவோம். விலை இடத்துக்கு இடம் வேறுபடும். பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரு இரவுக்கு நூறு பவுணைத் தாண்டுவது சாதாரணம். வார இறுதியென்றால் குறைந்தது இரண்டு இரவு எடுக்கச் சொல்வார்கள். யூன் மாதத்தில் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பங்களுக்கு வார நாட்களில் மலிவாகக் கிடைக்கும், வெளிச்சமும் இரவு பத்து மணிவரை இருக்கும். கொஞ்சம் சிக்கனமாகப் போக விரும்புகிறவர்கள் நஷனல் ட்ரஸ்ற் நடத்தும் லோ ரே, கிரேற் லாங்டேல், வாஸ்டேல் முகாம்களில் உள்ள பொட்களைப் பாருங்கள். வை.எச்.ஏ. விடுதிகளின் குடும்ப அறைகளும் மோசமில்லை. மலையில் நினைத்த இடத்தில் சொந்தக் கூடாரம் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அதற்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

படத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டாமல் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் இருந்து கூடாரம் எவ்வளவு தூரம், ஏற்றமா? முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவை ஈரப் புல்லில் முந்நூறு மீற்றர் ஏற வைக்க முடியாது. மலகூடம் உள்ளேயா, பொதுவா? படுக்கை விரிப்பு தருவார்களா? எத்தனை பேருக்கு அனுமதி? "நான்கு பேர்" என்றால் நான்கு பேர்தான். வாசலில் வைத்து ஏழு பேர் இறங்கினால் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. ஒன்றுவிட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு போவது எங்கள் குணம், அதைக் குறை சொல்லவில்லை, முதலிலேயே சொல்லிப் பதியுங்கள். பணத்தைத் திருப்பித் தரும் விதிகளையும் வாசியுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சில இடங்களில் சூரிய ஒளியில் எரியும் சின்ன விளக்குகள் மட்டும்தான். அங்கே றைஸ் குக்கரைக் கொண்டுபோனால் அது சும்மா இருக்கும். நாங்கள் கோழிக்கறியைச் சமைத்து உறைய வைத்துக் குளிர்ப்பெட்டியில் கொண்டு போனோம். முதல் நாள் பாணோடு அது. அடுத்த நாள் றொட்டியும் கட்டைச் சம்பலும். கறி மணக்குமே, பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர் என்ன நினைப்பார் என்று எங்கள் வீட்டில் ஒருவர் கவலைப்பட்டா. பக்கத்துக் கூடாரத்துக்காரர் வந்து செய்முறை கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்ததை நான் மெதுவாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பார்பிக்கியூ அடுப்பை, எரிந்து முடிந்து சாம்பலாகத் தெரிந்தாலும், எக்காரணம் கொண்டும் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. குளிருக்கு வாசலில் வைத்தாலும் ஆபத்துத்தான். அணைந்தது போல இருக்கும் கரியில் இருந்து காபன் மொனொக்சைட் வந்துகொண்டே இருக்கும். ஊரில் விஞ்ஞானம் படித்தவர்கள் காபனோரொட்சைட்டு என்று படித்திருப்பீர்கள். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, சத்தி, களைப்பு என்று தொடங்கும். நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. இந்த நாட்டில் குடும்பங்கள் இப்படிக் கூடாரத்துக்குள்ளேயே இறந்திருக்கின்றன. விறகடுப்புள்ள குடில் என்றால் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். மின்கலத்தில் வேலை செய்யும் சின்னக் கருவியை நீங்களே வாங்கிக் கொண்டு போவது இன்னும் நல்லது. இரண்டு பேர் சாப்பிடும் காசுதான் வரும். குளிருக்குக் கம்பளிக் காலுறை, வெந்நீர்ப் பை. ஓகஸ்ற் மாதத்திலும் இரவில் பத்துப் பாகைக்குக் கீழே போகலாம்.

மழை வரும். வரலாம் என்று சொல்லவில்லை, வரும். பொரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெய்ற் என்ற சிற்றூருக்கு ஒரு வருடத்தில் மூன்று மீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது, இங்கிலாந்தில் மனிதர் வாழும் இடங்களில் மிக ஈரமானது அதுதான் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அந்த மழைதான் ஏரியை நிரப்புகிறது, ஆகவே கோபிக்காமல் நல்ல மழை அங்கி வாங்குங்கள்.

மலை உயரமில்லை என்று நினைப்பவர்களுக்குச் சொல்வதாகச் சொன்னேன். ஆபத்து உயரத்தில் இல்லை, காலநிலை மாறும் வேகத்தில் இருக்கிறது. கீழே வெயில் எறிக்கும், ஒரு மணித்தியாலம் ஏறினால் முகில் மூடி அடுத்த கல் தெரியாது. கைத்தொலைபேசிக்குப் பல பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை கிடையாது, வரைபடத்தை முன்னரே இறக்கி வையுங்கள், காகித வரைபடமும் எடுங்கள். ஏதும் நடந்தால் 999ஐ அழைத்து முதலில் பொலிஸைக் கேட்டு, பிறகு மவுண்டன் றெஸ்கியூ என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், உங்களிடமும் காசு கேட்கமாட்டார்கள். காசு கேட்பார்களோ, பொலிஸ் என்றால் வேறு கேள்வி வருமோ என்று எங்களில் சிலர் அழைக்கத் தயங்குவார்கள். தயங்கவேண்டாம்.

தண்ணீரைப் பற்றி. 2016 ஓகஸ்ற் 24ஆம் திகதி கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் எங்கள் இளைஞர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது கடல், இது ஏரிதானே என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஏரியின் மேற்பரப்பு வெயிலில் இதமாக இருக்கும், கொஞ்சம் கீழே குளிர் உறைக்கும். வாஸ்ற்வோட்டர் எழுபது மீற்றருக்கு மேல் ஆழமானது, கரையில் இருந்து கொஞ்சத் தூரத்திலேயே நிலம் இறங்கிவிடும். குளிர் நீரில் விழுந்தவுடன் மூச்சுத் திணறும், அந்த நேரத்தில் நீந்தப் போராடினால்தான் ஆள் தாழ்வது. உயிர்காப்புப் படகுச் சங்கம் சொல்லும் வழி, தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் தண்ணீரில் இருக்க, மூச்சு வசத்துக்கு வரும்வரை மிதப்பது. ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் நீந்தியவர்களுக்கும் இது பொருந்தும். பாதுகாப்புச் சட்டை தந்து படகு வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் இறங்குங்கள்.

நடக்க விரும்பும் ஆனால் ஏற முடியாதவர்களுக்கு ரார்ன் ஹவ்ஸ் என்ற சின்ன ஏரியைச் சொல்வேன். சுற்றி வரச் சீரான பாதை, மூன்று கிலோமீற்றருக்குள்தான், தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். முயல்குட்டி பீற்றர் கதை எழுதிய பியாற்றிக்ஸ் பொட்டர் 1930இல் வாங்கிய காணியின் ஒரு பகுதி அது. பிறகு நஷனல் ட்ரஸ்றுக்குப் போனது. 1943இல் அவர் இறந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் அந்த அமைப்புக்கே எழுதி வைத்தார். வேலிக் கடப்பு ஏறாமல் போகக்கூடிய பாதைகளைத் தேசியப் பூங்காவே மைல்ஸ் விதவுட் ஸ்ரைல்ஸ் என்ற பெயரில் பட்டியல் போட்டிருக்கிறது. கெசிக்கில் ஃபிரையர்ஸ் கிராக் வரை நடப்பதற்கு எங்கள் அக்காவே போதும். போனெஸில் இருந்து கப்பலில் போகலாம். வின்டர்மியர் 17 கிலோமீற்றர் நீளம், இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி.

வின்டர்மியர் போகிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1945 ஓகஸ்ற் மாதம் நாசி முகாம்களில் இருந்து உயிர் தப்பிய யூதப் பிள்ளைகள் ஏறத்தாழ முந்நூறு பேரை பிராக் நகரில் இருந்து கார்லைலுக்கு அருகே விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்தது குண்டுவீச்சு விமானங்களில். குண்டு போட்ட விமானத்தைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அதே விமானம் பிள்ளைகளை ஏற்றி வந்தது என்று கேட்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது. பிள்ளைகளை வின்டர்மியர் ஏரிக்கரையில் கால்கார்த் குடியிருப்பில் தங்க வைத்தார்கள். போர்க்காலத்தில் பறக்கும் படகுகள் செய்த தொழிற்சாலையின் வேலையாட்களுக்குக் கட்டிய வீடுகள் அவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கட்டில், வெள்ளை விரிப்பு. முதல் நாட்களில் மேசையில் வைத்த பாணை எடுத்துத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தார்கள், நாளைக்குக் கிடைக்குமோ தெரியாதே. பிபிசி 2020இல் இதைப் படமாக்கியது. அந்த வீடுகள் இப்போது இல்லை, அந்த இடத்தில் பள்ளிக்கூடம் நிற்கிறது. தொழிற்சாலை இருந்த வைற் குரோஸ் பேயில் இன்று விடுமுறைக்காரர் தங்கும் கரவன் முகாம். அக்காவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பாண் ஒளித்த இடம் வந்தபோது, "ஓம்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

எங்களைப் போன்ற ஆட்கள் அங்கே போனால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்று கேட்கும் நேயர்கள் உண்டு. தேசியப் பூங்காக்களுக்குச் சிறுபான்மை இனத்தவர் குறைவாகவே வருகிறார்கள் என்று 2019இல் அரசுக்குக் கொடுக்கப்பட்ட மீளாய்வு அறிக்கையே சொன்னது. நடைபாதையில் எதிரே வருகிறவர்கள் "ஹலோ" சொல்வார்கள், அது அங்கே வழக்கம், நீங்களும் சொல்லுங்கள். இரவு பத்துக்குப் பிறகு பாட்டுப் போடாதீர்கள். ஆடு மேயும் வயலின் படலையைத் திறந்தால் மூடுங்கள். குப்பையைக் காரில் திரும்பக் கொண்டு வாருங்கள். புல்லுக்குள் நடந்த பிள்ளைகளின் காலை இரவில் பாருங்கள், உண்ணி கடித்திருந்தால் சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பிறகு வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

லண்டனில் இருந்து காரில் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது, வெள்ளிப் பின்னேரம் என்றால் ஏழும் எடுக்கும். வின்டர்மியர் பக்கம் என்றால் எம் 6இல் 36ஆம் சந்தி, கெசிக் பக்கம் என்றால் 40. வழிகாட்டிக் கருவி குறுக்கு வழி என்று ஹாட்நொட் கணவாயைக் காட்டினால் கேட்காதீர்கள், மூன்றுக்கு ஒன்று சரிவு, ஒரு கார் போகும் அகலம். கார் இல்லாதவர்கள் யூஸ்ரனில் ரெயின் ஏறி ஒக்சன்ஹோமில் மாறி வின்டர்மியரில் இறங்கலாம். அங்கிருந்து 555 பஸ் கெசிக் வரைக்கும் ஓடுகிறது, மேல்மாடியில் முன் இருக்கை கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா. ஓகஸ்ற் மாத இடங்கள் பெரும்பாலும் தை, மாசியிலேயே போய்விடும். இந்த வருடம் பிந்திவிட்டது என்று நினைப்பவர்கள் செப்டம்பர் முதல் இரண்டு வார இறுதிகளைப் பாருங்கள், துணிக்கூடாரங்களைக் குளிருக்கு முன் கழற்றிவிடுவார்கள், அதற்கு முந்திய நாட்களில் விலை இறங்கும். மரக்குடில்கள் சில இடங்களில் மாரியிலும் திறந்திருக்கும்.